எழுப்பி விடுறதுதான் எங்க பிசினஸ்!

விமானம் விடியற்காலை 5.40-க்கு. செக்-இன் கவுன்டரை ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடிவிடுவார்கள். பாதுகாப்புச் சோதனை வரிசை எவ்வளவு நீளம் என்பது அன்றைய ராசிபலன். ஆக, மூன்றரை மணிக்கெல்லாம் மீனம்பாக்கம் வாசலில் நின்றாக வேண்டும். அந்த நேரத்துக்கு மெட்ரோ கிடையாது. முதல் வண்டியே ஐந்து மணிவாக்கில்தான். நள்ளிரவைத் தாண்டினால் மின்சார ரயிலும் சில மணி நேரம் ஓடாது. ஊரோ காரைக்குடி. சொந்தக்காரர் வீட்டுக் கதவை ரெண்டு மணிக்குத் திறந்து மூடினால் அடுத்த கல்யாணப் பத்திரிகை வராது! அப்போ ராத்திரி தலையை எங்கே சாய்ப்பது?

இந்த ஒரு கேள்வியை நம்பி, பரங்கிமலையில் ஆரம்பித்து தாம்பரம் வரைக்கும் ஜி.எஸ்.டி. சாலையோரம் லாட்ஜுகள் விளக்கை எரியவிட்டுக் காத்திருக்கின்றன. விமான நிலையத்துக்கு எதிரே, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது திரிசூலம். சோழர் காலத்துச் சிவன் கோயில் உள்ள ஊர். அங்கே ஒரு சின்ன லாட்ஜில், கவுன்டருக்கு உள்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார இடம் கொடுத்தார்கள். ஒரே ஒரு கண்டிஷன்: லாட்ஜ் பேரும் ஆட்கள் பேரும் எழுதக் கூடாது. பார்த்ததை எழுதலாம். போதுமே! வாங்க, உள்ளே போவோம்.

சாவி கொடுப்பதில் ஒரு சூட்சுமம்

ராத்திரி ஒன்பது மணி. சுவரில் ஆணியடித்த பலகை, அதில் வரிசையாகச் சாவிகள். கைக்கு வந்ததை எடுத்துக் கொடுப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லவே இல்லை! ஆதார் கேட்பதற்கு முன்னால் நைட் மேனேஜர் கேட்பது, "ஃபிளைட் எத்தனை மணிக்கு சார்?"

பதிலைப் பொறுத்துத்தான் மாடி. ரெண்டு மணிக்கு எழ வேண்டியவர்கள் முதல் மாடி. மூணு மணிக்காரர்கள் ரெண்டாவது மாடி. ஆஸ்பத்திரி விஷயமாக வந்தவர்கள், மறுநாள் மத்தியானம் கிளம்புகிறவர்கள் எல்லாம் மூணாவது மாடி. "ஒரு கதவைத் தட்டினா பக்கத்து ரூம்காரரும் முழிச்சுக்குவாரு. அவரும் அந்நேரத்துக்குப் போறவரா இருந்துட்டா சண்டையே இல்ல பாருங்க!" என்று கண்ணடிக்கிறார்.

ஏன்தான் எல்லோரும் பேய் உலாவுகிற நேரத்தில் பறக்கிறார்கள்? உள்நாட்டு நிறுவனங்களுக்கு விமானம் தரையில் நின்றால் நஷ்டம். ராத்திரி இங்கே நிறுத்தி வைத்ததை விடிவதற்குள் கிளப்பினால்தான் அதே விமானத்தை அன்றைக்குக் கூடுதலாக ஒரு நடை ஓட்ட முடியும். துபாய், தோஹா பக்கம் போகிற விமானங்களுக்கு வேறு கணக்கு. அங்கிருந்து காலையில் ஐரோப்பாவுக்குப் புறப்படும் அடுத்த விமானங்களுக்கு ஆள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்கு இங்கே நள்ளிரவிலிருந்து நாலு மணிக்குள் கிளம்பியாக வேண்டும். துபாயின் காலைக்காகத் திரிசூலத்தில் தூக்கம் கெடுகிறது!

ஒருத்தர் பயணம், ஒன்பது பேர் வழியனுப்பு

பத்தரை மணிக்கு வாசலில் வேன் வந்து நிற்கிறது. ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பம். சவூதிக்குப் போவது ஒரே ஒருத்தர். இறங்குவது? அம்மா, மனைவி, ரெண்டு பிள்ளைகள், மச்சான், மாமா, மாமாவின் நண்பர், மடியில் தூங்குகிற கைக்குழந்தை... கவுன்டரில் ஒட்டியிருக்கிறது: 'ஒரு அறைக்கு இருவர் மட்டும்'. மேனேஜர் போர்டைப் பார்க்கிறார், கூட்டத்தைப் பார்க்கிறார். கடைசியில் ஒப்பந்தம் இப்படி: ஒரு டபுள் ரூம், ரெண்டு எக்ஸ்ட்ரா பெட், ஆண்கள் வேனிலேயே படுக்கை, பாத்ரூம் மட்டும் எல்லோருக்கும் பொது. "அம்மாக்கு மட்டும் கீழ் ரூமா குடுங்கண்ணே, முட்டி வலி" என்கிறார் மச்சான். சாவி மாறுகிறது.

அடுத்து என்ன தெரியுமா? கவுன்டருக்கு அடியிலிருந்து வெளியே வருகிறது கொக்கி வைத்த எடை மெஷின்! அறையைவிட அதற்குத்தான் கிராக்கி. பெட்டியைக் கொக்கியில் மாட்டித் தூக்கினால் 33 கிலோ. அனுமதி 30. மூணு கிலோவைக் கழிக்க நள்ளிரவில் குடும்ப மாநாடு. முறுக்கு வெளியேறுகிறது, மல்லித்தூள் தப்பிக்கிறது, ஊறுகாய் பாட்டில் கைப்பைக்கு மாறப் பார்க்கிறது. "அத்தா, கைப்பையில எண்ணெய், ஊறுகாய் எல்லாம் வெச்சீங்கன்னா செக்யூரிட்டில எடுத்துடுவாங்க. பெரிய பெட்டியிலயே வைங்க. பவர் பேங்க் மட்டும் கைப்பையில" என்று ரூம் பாய் தீர்ப்புச் சொல்கிறான். வயசு இருபதுக்குள் இருக்கும். விமானம் ஏறியதே இல்லை. ஆனால் விமான விதிகளில் அவனை மடக்கவே முடியாது!

அவன் திறந்து காட்டிய மேஜை டிராயரைப் பார்க்க வேண்டுமே. உள்ளே லைட்டர்கள்! சிவப்பு, பச்சை, நீலம். விமானத்தில் எடுத்துப்போக முடியாமல் விட்டுவிட்டுப் போனவை. பக்கத்தில் ஒரு பையில் கொப்பரைத் தேங்காய். அதுவும் பெட்டியில் போகக் கூடாதாம். எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு. ஆபத்தான பொருட்களின் ஐ.நா. பட்டியலில் அதற்கு 1363 என்று தனி எண்ணே இருக்கிறது. நம்ம வீட்டுக் கொப்பரைக்கு ஐ.நா. நம்பர்! "அப்போ இதெல்லாம் என்ன ஆகும்?" என்று கேட்டால், "நாளைக்கு எங்க மெஸ்ல சட்னி சார்."

பன்னிரண்டு மணி கண்டம்

இந்தத் தொழிலில் எல்லோரும் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: நள்ளிரவு தேதி. டிக்கெட்டில் '13-ஆம் தேதி 01.10' என்று இருந்தால், 12-ஆம் தேதி ராத்திரியே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 13-ஆம் தேதி பகலில் சாவகாசமாக வந்து சேர்ந்தால் விமானம் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும்.

அறை எடுப்பதிலும் இதே கூத்து. பயணம் 13 என்பதால் செயலியில் அறையையும் 13-க்கே பதிவு செய்துவிட்டு 12 மாலையே பெட்டியோடு வந்து நிற்கிறார் ஒரு தம்பி. முதல் வெளிநாட்டுப் பயணம். மேனேஜர் சிரிக்கவில்லை; தினமும் பார்க்கிற முகம்தான். "காலியா ஒண்ணு இருக்கு தம்பி, பயப்படாதீங்க. ஆனா டிக்கெட்டை ஒருதரம் காட்டுங்க." தேதி, மணி, டெர்மினல் எல்லாம் பார்த்து, பன்னாட்டு முனையத்துக்குப் போக வேண்டும் என்று அட்டையில் எழுதியே கொடுத்துவிடுகிறார். உள்நாட்டு முனையத்தில் இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்களின் கதை அவரிடம் தனிப் புத்தகமாகவே வரும்.

அந்த நோட்டு!

இப்போது முக்கியமான கட்டம். கவுன்டரில் ரெண்டு நோட்டு இருக்கிறது. ஒன்று, போலீஸ் வந்தால் காட்டுகிற ரிஜிஸ்டர். இன்னொன்று, அட்டை கிழிந்து, டீ சிந்தி, ரப்பர் பேண்ட் போட்ட நாற்பது பக்க நோட்டு. லாட்ஜின் உயிரே அதில்தான் இருக்கிறது: எழுப்புகிற நோட்டு. அறை எண், எழுப்ப வேண்டிய நேரம், அதற்கு எதிரே ஒரு காலிக் கட்டம். அவ்வளவுதான்.

இன்டர்காம் இருக்கிறது. ஆனால் நம்புவதில்லை. அரைத் தூக்கத்தில் ரிசீவரை எடுத்து "ம்" சொல்லிவிட்டு மறுபடி படுத்துவிடுகிறார்களாம். அதனால் ரூம் பாய் நேரில் போகிறான். ரெண்டு மணி. டக் டக். "எழுந்துட்டேம்ப்பா!" என்று உள்ளேயிருந்து குரல். நான் திரும்பப் பார்க்கிறேன், அவன் அசையவில்லை. "இது கணக்குல வராது சார்." மறுபடி டக் டக். கொஞ்ச நேரத்தில் பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம். முகம் மலர்ந்து நோட்டில் ஒரு டிக்! தண்ணீர்ச் சத்தம் கேட்டால்தான் டிக் போட வேண்டும் என்பது மேனேஜர் போட்ட சட்டம்.

இன்னும் ஒரு தந்திரம். ஒரே நேரத்தில் எல்லோரையும் எழுப்பினால் எல்லா ஹீட்டரும் ஒன்றாக ஓடி, ஃபியூஸ் போய், லாட்ஜே இருட்டாகிவிடும். அதனால் கால் மணி நேர இடைவெளி விட்டு எழுப்புகிறார்கள். மூணு மணிக்குச் சொன்னவரை ரெண்டே முக்காலுக்கே தட்டினால் கோபப்படாதீர்கள். உங்கள் வெந்நீருக்காகத்தான்!

யார் ஆழ்ந்து தூங்குவார்கள்? "ஐ.டி. பசங்க" என்று யோசிக்காமல் பதில் வருகிறது. முதல்முறை பறக்கிறவர்களோ தூங்குவதே இல்லை. ஷூவை மாட்டிக்கொண்டு ஒரு மணிக்கே கீழே இறங்கி சோபாவில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அறையே வேண்டியதில்லை, ஆனாலும் அறை எடுத்தால்தான் நிம்மதி.

மூணு மணிக்கு வேன். விமான நிலையம் கூப்பிடு தூரம்தான். ஆனால் இவ்வளவு கிட்டத்துக்கு அந்நேரத்தில் வாடகை கார் வருவது சிரமம். ஏற்றுக்கொண்ட பிறகும் ரத்தாகிவிடும். அதனால் லாட்ஜிடம் பழைய ஆம்னி வேன் ஒன்று. டிரைவர் ஒவ்வொருவரிடமும், "பாஸ்போர்ட்? டிக்கெட்? கண்ணாடி? சார்ஜர்?" என்று கேட்டு, தலையாட்டினால் போதாது, எடுத்துக் காட்டினால்தான் வண்டியை நகர்த்துகிறார்.

அவர்கள் போன வேகத்தில் மேலே விளக்கு எரிகிறது. விரிப்பு உருவி, தலையணை உறை மாற்றி, தரை துடைத்து, அரை மணி நேரத்தில் அறை புதுசு. ஏனென்றால் நாலு மணிவாக்கில் வந்து இறங்கியவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ஒரே அறைக்கு ஒரே ராத்திரியில் ரெண்டு வாடகை! லாட்ஜ் எப்படிக் கட்டுப்படியாகிறது என்ற என் சந்தேகம் அங்கே தீர்ந்தது.

இனி உங்கள் பர்ஸுக்கு

இவ்வளவு உள்ளே பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகலாமா? மேனேஜர் சொன்னதையும் ஊர் நிலவரத்தையும் சேர்த்துச் சில கணக்குகள்.

அறை நாள் கணக்கில் ரெண்டு வகை. '24 மணி நேரம்' என்றால் நீங்கள் நுழைந்த நேரத்திலிருந்து முழு நாள். 'பகல் 12 செக்-அவுட்' என்றால் ராத்திரி பத்துக்கு வந்தாலும் மறுநாள் நண்பகல் வரைதான். அதிகாலையில் கிளம்புகிறவருக்கு ரெண்டும் ஒன்றே. ஆனால் "ஆறு மணி நேரம்தான் இருப்பேன்" என்று சொல்லிப் பேரம் பேச இடம் உண்டு. சில லாட்ஜுகளும் செயலிகளும் மணிக்கணக்கில்கூடத் தருகின்றன. வரியையும் விசாரியுங்கள்: 7,500 ரூபாய் வரையான அறைக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கிவிட்டது.

தெற்கிலிருந்து வருகிறீர்களா? 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு கோயம்பேடு போய்த் திரும்புகிற சுற்று மிச்சம். பெருங்களத்தூர், தாம்பரம் பக்கம் அறை எடுத்தால் அதே ஜி.எஸ்.டி. சாலையில் நேராக வந்துவிடலாம். விடியற்காலையில் நெரிசலும் இருக்காது. ரயிலில் வந்தால் தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் நாலாவது நிறுத்தம் திரிசூலம். எழும்பூர், சென்ட்ரல் நிலையங்களில் ரயில்வே தங்கும் அறைகளும் மலிவுதான். அதற்கு ரயில் டிக்கெட் வேண்டும், அங்கிருந்து விடியற்காலை கார் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

ஆதாரில் சென்னை முகவரியா? 'லோக்கல் ஐ.டி.'க்கு அறை தராத லாட்ஜுகள் உண்டு; விமான டிக்கெட்டை முதலிலேயே காட்டுங்கள். இலங்கை உள்ளிட்ட வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால், 'சி ஃபாரம்' என்று இவர்கள் சொல்லும் பதிவை 24 மணி நேரத்துக்குள் லாட்ஜ் செய்தாக வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத சின்ன லாட்ஜுகள் கைவிரித்துவிடும். கிளம்பும் முன் போனில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஏசி ஓடுமா, வைஃபை வருமா, டிவியில் எத்தனை சேனல் என்றெல்லாம் விசாரிப்பது உல்லாசப் பயணிகளுக்கு. விடியற்காலை பறக்கிறவர் லாட்ஜுக்கு போன் போட்டுக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "அண்ணே, ராத்திரி ரெண்டரைக்கு யார் முழிச்சிருப்பாங்க?" எதிர்முனையில் தயக்கம் வந்தால் அடுத்த நம்பரைத் தேடுங்கள். "நான்தான் இருப்பேன், உங்க ஃபிளைட் எத்தனை மணிக்கு?" என்று திருப்பிக் கேட்டால் யோசிக்காமல் அட்வான்ஸ் அனுப்புங்கள்!