கடலில் இறங்காமலே ஒரு முக்குளிப்பு

பல்லைப் பிடுங்கினால் என்ன செய்வீர்கள்? பஞ்சைக் கடித்துக்கொண்டு ஐஸ்கிரீம் கேட்டு அடம்பிடிப்பீர்கள்! சில நாளில் குழி ஆறத் தொடங்கிவிடும். அதற்கு வேண்டிய ஆக்சிஜனை ரத்தம் கொண்டுவந்து கொடுக்கிறது.

வாய்ப் புற்றுநோய்க்காகத் தாடையில் ‘கரண்ட்’ வைத்துக்கொண்டவர்களுக்கு, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களுக்கு, இது அவ்வளவு சுலபமில்லை. புற்றை அழிக்கும் கதிர் பக்கத்திலிருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் கெடுத்துவிடும். கீழ்த்தாடைக்கு ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைவு. அங்கே பல்லைப் பிடுங்கினால் சிலருக்குக் குழி மூடாது. எலும்பே செத்து வெளியே தெரியும்.

சரி, ஆக்சிஜனை அதிகமாகக் கொடுத்தால் என்ன? அதில் ஒரு சிக்கல். ரத்தச் சிவப்பணுக்கள் சாதாரணக் காற்றிலேயே கிட்டத்தட்ட முழுச் சுமையோடுதான் ஓடுகின்றன. மிச்ச ஆக்சிஜன் ரத்தத்தின் நீர்ப்பகுதியில்தான் கரைய வேண்டும். கோலி சோடாவில் வாயுவை அழுத்திக் கரைப்பதுபோல, இங்கேயும் அழுத்தம் வேண்டும். அதனால் நோயாளியை ஓர் அறைக்குள் வைத்துக் கதவை மூடி, அழுத்தத்தை 2.4 மடங்கு வரை ஏற்றுவார்கள். கடலில் ஏறக்குறைய 14 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமம் அது! சுமார் 90 நிமிடம் அங்கே தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வேண்டும்.

1960இல் நெதர்லாந்து மருத்துவர் பூரெமா, பன்றிகளின் ரத்தத்திலிருந்து சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுவதும் நீக்கிவிட்டு இப்படி ஆக்சிஜன் கொடுத்தார். அவை பிழைத்திருந்தன!

1985இல் அமெரிக்க வாய் அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் குழு, தாடையில் கதிர்வீச்சு பெற்றவர்களைப் பல் பிடுங்குவதற்கு முன் 20 முறையும் பின் 10 முறையும் அறைக்குள் அனுப்பிப் பார்த்தது. 37 பேரில் 2 பேருக்குத்தான் எலும்பு கெட்டது. பென்சிலின் மட்டும் பெற்ற 37 பேரில் 11 பேருக்குக் கெட்டது. உலகமே நம்பியது. ஆனால் 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், அறைக்குள் போனவர்கள், போகாதவர்கள் இரு தரப்பிலும் 100க்கு 6 பேர் அளவில்தான் பாதிப்பு. முந்தைய நம்பிக்கை ஆட்டம் கண்டது. அறிவியலில் இது சகஜம்.

ஆபத்தும் உண்டு. காது அடைத்து வலிக்கும். எச்சிலை விழுங்கச் சொல்வார்கள். சரியாக அடைக்காத பல்லுக்குள் காற்று சிக்கியிருந்தால், அழுத்தம் ஏறி இறங்கும்போது பல் வலிக்கும், அடைத்தது விரிசல்கூட விடலாம். சிலருக்குக் கொஞ்ச நாள் தூரப்பார்வை மங்கும். அரிதாக வலிப்பும் வரும். தீதான் பெரிய பயம். ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் சிறு பொறியும் பெருந்தீயாகிவிடும். அதனால் செல்போன், லைட்டர், தலைக்கு எண்ணெய் எதுவும் கூடாது. பருத்தி உடை மட்டும்தான்.

சொத்தைப் பல்லுக்கு இந்த அறை எந்த வகையிலும் உதவாது. உங்கள் வீட்டில் யாருக்காவது தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு கொடுக்கப்போகிறார்கள் என்றால், அதற்கு முன்பே பல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிடுங்க வேண்டிய பல்லை அப்போதே பிடுங்கி ஆறவிட்டால், தாடைக்கு இந்தத் தொல்லை வரும் வாய்ப்பு குறையும்.