லினக்ஸ் கணினியில் பிரௌசர் போடலாமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றது. பழைய கணினியைத் தூக்கிப் போட மனசு வராமல் 'லினக்ஸ் மின்ட்' போட்டுக்கொண்ட சகோதரிகள் கேட்பது: "குரோமைக் காணோமே?"

பதறாதீர்கள். ஃபயர்ஃபாக்ஸ் அதிலேயே இருக்கிறது; குழந்தையின் பாடத்துக்கு அதுவே தாராளம். இன்னொன்றும் வேணுமா? மெனுவில் 'சாஃப்ட்வேர் மேனேஜரை'த் திறந்து, 'குரோமியம்' என்று தேடி, 'இன்ஸ்டால்' அழுத்துங்கள். பாஸ்வேர்டு கேட்கும், கொடுங்கள். அவ்வளவுதான்!

குரோமேதான் வேணும் என்பவர்கள் கூகுளின் சொந்தத் தளத்தில் 'டெப்' ஃபைலை எடுக்கலாம். முன்பின் தெரியாத தளம் எதையாவது நீட்டினால் தொடவே தொடாதீர்கள். பாங்குக் கணக்கைத் திறப்பதும் இதே பிரௌசரில்தானே! கீழே கேடயச் சின்னத்தில் புள்ளி தெரிந்தால், அடுப்பு வேலை முடிந்ததும் அன்றைக்கே அப்டேட் செய்துவிடுங்கள்.