வீட்டில் ஸ்டவுட் தயாரிப்பு: மாதம் ஒரு டின்னோடு நிறுத்துவதே நல்லது

கோப்பிக்கடையில் ஒரு போத்தல் ஸ்டவுட்டின் விலையைக் கேட்டுவிட்டு, "நாமே வீட்டில் போட்டால் என்ன?" என்று யோசிப்பவர்கள் உண்டு. சிங்கப்பூரில் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால், அளவும் முறையும் தெரிந்திருக்க வேண்டும்.

18 வயது நிரம்பியவர்கள் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் பியர், ஸ்டவுட் போன்ற நொதிக்கவைத்த மதுவைத் தயாரிக்கலாம். ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டர் வரை மட்டுமே அனுமதி. அதை விற்கக் கூடாது. காய்ச்சி வடிக்கவும் கூடாது.

கடையில் கிடைக்கும் 1.7 கிலோ ஸ்டவுட் டின் ஒன்றில் பொதுவாக 23 லிட்டர் வரை தயாரிக்கலாம். அண்ணன் ஒரு டின், தம்பி ஒரு டின் என்று ஒரே வீட்டில் ஒரே மாதத்தில் இருமுறை போட்டால் 46 லிட்டர் ஆகிவிடும். அது சட்டமீறல். தீபாவளிக்குத் தெரிந்தவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பதும் விற்பனைதான்.

மலேசியாவில் நிலைமை வேறு. அங்கு 1976ஆம் ஆண்டு கலால் சட்டத்தின்கீழ் மது தயாரிக்க உரிமம் வேண்டும். ஜோகூரில் இருக்கும் உறவினர்கள் இங்குள்ள விதியை நம்பி இறங்கக் கூடாது.

டின்னில் இருப்பது மால்ட் சாறு. முளைகட்டிய பார்லியிலிருந்து எடுக்கப்படும் பாகு அது. மைலோவிலும் மால்ட் சாறு உண்டு. ஸ்டவுட்டின் கறுப்பு நிறம் கருக வறுத்த தானியத்திலிருந்து வருவது. டின்னோடு ஒரு சிறு பொட்டலம் ஈஸ்ட் இருக்கும். பாகையும் சுமார் ஒரு கிலோ சீனியையும் சுடுநீரில் கரைத்து, குளிர்ந்த நீர் சேர்த்து 23 லிட்டராக்க வேண்டும். நன்கு ஆறியபின் ஈஸ்ட்டைத் தூவி மூடிவைக்க வேண்டும். ஈஸ்ட் இனிப்பைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும்.

வாளி, கரண்டி, குழாய் அனைத்தையும் முதலில் கழுவி, பிறகு கிருமிநீக்கியிலும் அலச வேண்டும். கிருமி புகுந்தால் 23 லிட்டரும் புளித்துப்போகும்.

நம் வெப்பமும் ஒரு சிக்கல். ஸ்டவுட் ஈஸ்ட்டுக்குச் சுமார் 18 முதல் 24 டிகிரி ஏற்றது. வீவக வீட்டுச் சமையலறையில் 30 டிகிரி சர்வசாதாரணம். அந்தச் சூட்டில் நொதித்தால் சுவை கெட்டு, காட்டமான நெடி வரும். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உறைந்த தண்ணீர்ப் போத்தல்களை மாற்றி மாற்றிப் போடலாம்.

மிகவும் ஆபத்தான கட்டம் போத்தலில் அடைப்பது. நொதித்தல் முடியுமுன் அடைத்தால் உள்ளே வாயு பெருகிக் கண்ணாடி வெடிக்கும். குமிழ் நின்றதை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஹைட்ரோமீட்டர் என்ற மிதவைக் கருவியை விட்டு, இரண்டு மூன்று நாள்களுக்கு ஒரே அளவு காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பின் நுரைக்காகப் போடும் சீனி லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டக் கூடாது. மெல்லிய கண்ணாடிப் போத்தல் வேண்டாம்.

தோட்டப்புறங்களில் சம்சு குடித்துக் கெட்ட குடும்பங்களை அறிந்தவர்கள், இதுவும் அப்படித்தானா என்று கேட்பார்கள். பார்லியை நொதிக்கவைப்பதால் ஆபத்தான அளவுக்கு மெத்தனால் உருவாவதில்லை. கண்ணைப் பறித்து உயிரைக் குடிப்பது பெரும்பாலும் கலப்பட மதுவில் சேர்க்கப்படும் தொழிற்சாலை மெத்தனால். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் பலரைப் பலிகொண்டதும் மெத்தனால் கலந்த மதுதான்.

அதற்காக ஸ்டவுட் மருந்தாகிவிடாது. பிள்ளை பெற்றவளுக்கு ஸ்டவுட் கொடுத்தால் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. கர்ப்பிணிகள் மதுவை அறவே தவிர்க்க வேண்டும். பாலூட்டும் தாய் குடித்தால் ஆல்கஹால் தாய்ப்பாலிலும் கலக்கும்.

வீட்டில் போட்ட போத்தலில் எத்தனை விழுக்காடு ஆல்கஹால் என்று எழுதியிருக்காது. சாதாரணமாக 4 முதல் 5 விழுக்காடு வரும். சீனியைக் கூட்டினால் அதுவும் ஏறும். எனவே, தயாரித்த தேதியை ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். குடித்தபின் வண்டிச் சாவியைத் தொடக் கூடாது.