உங்களுக்குத் தெரியுமா? வெட்டப்பட்ட கடைசி நொடிகள்

2018-இல் இந்தியாவில் வாட்ஸ்அப் வழியே சுற்றிய வீடியோ ஒன்று: பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அதே பைக் திரும்பி வந்து பிள்ளையை இறக்கிவிடும். வந்தவர்களில் ஒருவர் எச்சரிக்கை வாசகத்தை விரித்துக் காட்டுவார். அந்த முடிவை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். இத்தகைய வீடியோக்கள் கிளப்பிய பிள்ளைபிடிப்பவர் வதந்தியால் பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்தே கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன சென்னை மூதாட்டியும் அவர்களில் ஒருவர்.

இப்படிப்பட்ட வீடியோவை ஆய்வாளர்கள் எப்படித் துரத்துகிறார்கள்? முதலில் அதை அசையாத படங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு படத்தையும் 8×8 கட்டமாகச் சுருக்கிக் கறுப்பு வெள்ளையாக்குவது எளிய முறைகளில் ஒன்று. சராசரியைவிட வெளிச்சமான கட்டத்துக்கு 1, இருண்டதற்கு 0. ஆக, படத்துக்கு 64 இலக்கக் கைரேகை கிடைத்துவிடும். பத்துக் குழு தாண்டிப் படம் மங்கினாலும் இது அவ்வளவாக மாறாது. ஆனால் இடவலம் திருப்பிப் போட்டால் ஏமாந்துபோகும் (வதந்தி கிளப்புகிறவர்களுக்கும் இது தெரியும்!).

பழைய படம் ஒன்றின் கைரேகையோடு பொருந்தினால், 'இது ஏற்கெனவே வந்த படம்' என்று மட்டுமே கணினி சொல்லும். எங்கே, எதற்காக எடுத்தது என்பதைக் கடைப் பலகை, வண்டி எண் பார்த்து மனிதர்கள்தான் துப்புத் துலக்க வேண்டும்.

அந்த வதந்திக் கொலைகளை அடுத்து, 2018 ஜூலையில்தான், இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.