மாணவர் சகோதரத்துவ அமைப்புகளில் வழிகாட்டல்

மாணவர் சகோதரத்துவ அமைப்புகள் என்பன அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரிகளில் இயங்கும் ஆண் மாணவர் சங்கங்கள் ஆகும். பெரும்பாலும் கிரேக்க எழுத்துக்களாலான பெயர்களைக் கொண்ட இவற்றுக்குப் பல கல்லூரிகளில் கிளைகள் உள்ளன. பல கிளைகளின் உறுப்பினர் ஒரே இல்லத்தில் வசிப்பர். அவர்களின் கல்வி, உடல்நலம், மனநலம் ஆகியவற்றைப் பேண முன்னாள் உறுப்பினரும் பேராசிரியரும் வழிகாட்டிகளாகச் செயற்படுவதுண்டு.

வரலாறு

மரபுப்படி, புதிதாகச் சேர்வோர் முழு உறுப்பினராகும் முன்னர் தகுதிகாண் நிலையில் இருப்பர். மூத்தோருக்குப் பணிந்து நடக்க வேண்டிய இந்நிலை பகிடிவதைக்கு (ராகிங்) இடமளித்தது. 1901 இல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் தொடங்கப்பட்ட சிக்மா ஃபை எப்சிலான், 1991 இல் "சமநிலை மனிதர்" திட்டத்தை அறிமுகப்படுத்தியது. இதில் தகுதிகாண் காலம் இல்லை. சேரும் நாள் முதல் அனைவரும் சம உரிமை உடையவர். சிக்மா ஆல்ஃபா எப்சிலானும் 2014 இல் தகுதிகாண் முறையைக் கைவிட்டது. ஃபை டெல்டா தீட்டா 2000 முதல் தன் இல்லங்களில் மதுவைத் தடைசெய்தது.

வரம்புகள்

விதியும் வழிகாட்டியும் மட்டுமே போதுமானவை அல்ல. 2017 பெப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீட்டா தீட்டா பை இல்லத்தில், புதியவர்களை மது அருந்தச் செய்த நிகழ்வொன்றில் 19 வயது மாணவர் ஒருவர் படிக்கட்டில் விழுந்து, பின்னர் இறந்தார். அவ்வில்லத்தில் மதுவிலக்கு விதி இருந்தது. ஆலோசகர் ஒருவரும் அங்கு வசித்தார். எனினும் அவசர உதவி ஏறத்தாழ 12 மணிநேரம் கழித்தே அழைக்கப்பட்டது. 2018 இல் அம்மாநிலம் இயற்றிய பகிடிவதை எதிர்ப்புச் சட்டம், ஆபத்தில் உள்ளவருக்காக உதவி கோருவோருக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கிறது.