ஏழரை ஆண்டில் ஏழு தலைவர்கள்: அமெரிக்க விமானப் பாதுகாப்பு அமைப்பில் என்னதான் நடக்குது?

ஒரு புது மாடல் விமானம் பறக்கத் தகுதியானதா, விமானிக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி வேண்டும், எந்த ஓடுபாதையில் எந்த வழியாக இறங்க வேண்டும்? அமெரிக்காவில் இதையெல்லாம் முடிவு செய்வது ஃபெடரல் ஏவியேஷன் அட்மினிஸ்ட்ரேஷன், சுருக்கமாக எஃப்ஏஏ. சுமார் 45 ஆயிரம் ஊழியர்கள். தினமும் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களுக்கு வழிகாட்டும் பொறுப்பும் இவர்களுடையதுதான்.

இந்த அமைப்பின் தலைவருக்குச் சட்டப்படி பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். ஆனால் 2018 ஜனவரி முதல் 2025 ஜூலை வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஏழு பேர். அதில் நான்கு பேர் நிரந்தரத் தலைவர்களே அல்ல, 'பொறுப்பு' தலைவர்கள். மீதமுள்ள மூவரில் முதல் இருவரும் ஐந்து ஆண்டை முடிக்காமலேயே கிளம்பிவிட்டார்கள். மூன்றாமவர் 2025 ஜூலையில் வந்தவர்.

'ஏழரை' என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் கடந்துபோகிற விஷயம் இல்லை இது. இந்தியாவில் ஆகாசா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஓட்டும் போயிங் 737 மேக்ஸ் விமானங்களுக்கு முதல் சான்றிதழ் கொடுத்ததும் இதே அமைப்புதான்.

ஐந்து ஆண்டு கணக்கு எதுக்கு?

அமெரிக்க அதிபரின் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். எஃப்ஏஏ தலைவருக்கு ஐந்து. இது தற்செயல் இல்லை. ஆட்சி மாறும்போதெல்லாம் விமானப் பாதுகாப்பின் தலைமையும் மாறக் கூடாது என்பதற்காகவே 1994-ல் சட்டத்தில் இந்த ஐந்தாண்டைச் சேர்த்தார்கள். அதிபர் பெயரைப் பரிந்துரைப்பார், செனட் ஓட்டுப் போட்டு ஒப்புதல் தரும். அதன்பின் அதிபர் மாறினாலும் இவர் இருப்பார் என்பதுதான் ஏற்பாடு.

மைக்கேல் ஹுவர்ட்டா விஷயத்தில் அது நடந்தது. ஒபாமா காலத்தில், 2013 ஜனவரியில் பதவியேற்ற அவர், டிரம்ப் அதிபரான பிறகும் ஓராண்டு நீடித்து 2018 ஜனவரியில் முழுப் பதவிக்காலத்தையும் முடித்தார். கடைசியாக முடித்தவரும் அவர்தான்.

யார் வந்தாங்க, யார் போனாங்க?

• டேனியல் எல்வெல், பொறுப்பு (2018 ஜனவரி – 2019 ஆகஸ்ட்): இவர் காலத்தில்தான் லயன் ஏர், எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விபத்துகளில் இரண்டு 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தார்கள். இரண்டாவது விபத்துக்கு மறுநாளே சீனா மேக்ஸை நிறுத்தியது. பிறகு ஐரோப்பா, இந்தியா எல்லாம் நிறுத்தின. அமெரிக்கா நிறுத்தியது மூன்றாம் நாள், 2019 மார்ச் 13.

• ஸ்டீவ் டிக்சன் (2019 ஆகஸ்ட் – 2022 மார்ச்): டெல்டா நிறுவனத்தின் முன்னாள் விமானி. மேக்ஸை மறுபடி அனுமதிக்கும் முன் தானே அதை ஓட்டிப் பார்த்தவர். குடும்பத்துடன் இருக்க வேண்டும் என்று சொல்லி, பாதியில் விலகினார்.

• பில்லி நோலன், பொறுப்பு (2022 ஏப்ரல் – 2023 ஜூன்): இவர் காலத்தில், 2023 ஜனவரி 11 அன்று, விமானிகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் 'நோட்டாம்' கம்ப்யூட்டர் அமைப்பு செயலிழந்தது. நாடு முழுவதும் விமானங்கள் புறப்படுவது நிறுத்தப்பட்டது. நிரந்தரத் தலைவராகப் பரிந்துரைக்கப்பட்ட டென்வர் விமான நிலையத் தலைவர் ஃபில் வாஷிங்டன், விமானத் துறை அனுபவம் போதாது என்ற எதிர்ப்பால் மாதக்கணக்கில் செனட்டில் காத்திருந்து, கடைசியில் தானே விலகிக்கொண்டார்.

• பாலி டிராட்டன்பர்க், பொறுப்பு (2023 ஜூன் – அக்டோபர்): போக்குவரத்துத் துறையின் துணை அமைச்சராக இருந்தவர்.

• மைக் விட்டேக்கர் (2023 அக்டோபர் – 2025 ஜனவரி): செனட்டில் 98–0 என ஒருமனதாகத் தேர்வானவர். பதினைந்து மாதங்களில், டிரம்ப் மீண்டும் பதவியேற்ற அதே நாளில் விலகினார்.

• கிறிஸ் ரோஷ்லோ, பொறுப்பு (2025 ஜனவரி – ஜூலை): வாஷிங்டன் அருகே நடுவானில் விமானமும் ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்த மறுநாள் இவர் பெயர் அறிவிக்கப்பட்டது.

• பிரையன் பெட்ஃபோர்ட் (2025 ஜூலை): ரிபப்ளிக் ஏர்வேஸ் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்தவர். செனட் ஓட்டு 53–43.

கூட்டிப் பார்த்தால், ஏழரை ஆண்டில் ஏறத்தாழ மூன்றரை ஆண்டு அந்த நாற்காலி 'பொறுப்பு' ஆட்களிடம்தான் இருந்திருக்கிறது.

சரி, நிரந்தரத் தலைவர் இல்லைன்னா விமானம் பறக்காதா?

பறக்கும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் வேலையைப் பார்ப்பார், ஆய்வாளர் ஆய்வு செய்வார். பொறுப்புத் தலைவர்கள் திறமை குறைந்தவர்கள் என்றும் சொல்ல முடியாது. எல்வெல், நோலன் இருவருமே விமானிகள், துறையை உள்ளும் புறமும் அறிந்தவர்கள். சட்டப்படியும் அவர்கள் உத்தரவு போடலாம்.

அப்ப என்னதான் பிரச்சினை? நம் ஊர் அரசு அலுவலகத்துக்குப் போய் வந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். 'பொறுப்பு' அதிகாரி இருக்கும்போதும் அன்றாட ஃபைல் நகரும். ஆனால் யாரையாவது பகைத்துக்கொள்ள வேண்டிய முடிவு, பல வருஷம் பணமும் உழைப்பும் கேட்கும் முடிவு என்றால், "ரெகுலர் ஆபீசர் வரட்டும், பார்த்துக்கலாம்" என்று ஓரமாகக் கிடக்கும்.

விமானப் பாதுகாப்பில் முக்கியமான முடிவுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகைதான். கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று ஒருவரை வேலைக்கு எடுத்தால், அவர் பிஸியான ஒரு மையத்தில் தனியாக உட்காரத் தயாராவதற்கே ஆண்டுகள் ஆகும். விதை போட்டவர் ஒருவர், அறுவடை பார்ப்பவர் இன்னொருவர். விதையே போடாதவரை யாரும் கேள்வி கேட்பதில்லை.

15,214 முறை வந்த எச்சரிக்கை

2025 ஜனவரி 29 இரவு, வாஷிங்டனின் ரொனால்ட் ரீகன் விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்த பயணிகள் விமானமும் ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் மோதி பொட்டோமேக் ஆற்றில் விழுந்தன. யாரும் பிழைக்கவில்லை.

விபத்தை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 மார்ச்சில் சொன்ன கணக்கு இது: 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை அந்த விமான நிலையத்துக்கு அருகே பயணிகள் விமானமும் ஹெலிகாப்டரும், பக்கவாட்டில் ஒரு கடல் மைலுக்கும், உயரத்தில் 400 அடிக்கும் குறைவான இடைவெளியில் வந்த சம்பவங்கள் 15,214. அதில் 85 சம்பவங்களில் பக்கவாட்டு இடைவெளி 1,500 அடிக்கும் கீழே, உயர வித்தியாசம் 200 அடிக்கும் கீழே. ஒரு ஓடுபாதைக்கான இறங்கு பாதையும் ஹெலிகாப்டர் பாதையும் சந்திக்கும் இடத்தில், இரண்டுக்கும் நடுவே இருக்கக்கூடிய உயர வித்தியாசம் வெறும் 75 அடி வரை குறையலாம் என்றும் வாரியம் காட்டியது.

இந்தத் தரவு எதுவும் ரகசியம் இல்லை. எஃப்ஏஏ-விடமே இருந்தது. அந்த 39 மாதங்களில் தலைவர் நாற்காலியில் இருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? டிக்சன், நோலன், டிராட்டன்பர்க், விட்டேக்கர் என நான்கு பேர்.

ஒரே தலைவர் இருந்திருந்தால் இந்த விபத்து நடந்தே இருக்காது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. நடுவில் எத்தனையோ அதிகாரிகள் இருந்தார்கள். ஆனால் ஒன்று சொல்லலாம். மெதுவாகச் சேரும் ஆபத்து தலைப்புச் செய்தியாக வராது. அதைக் கவனிக்க, ஒரே மேசையில் போதுமான காலம் உட்கார்ந்த ஒருவர் வேண்டும். விபத்துக்குப் பிறகு அந்த ஹெலிகாப்டர் பாதையை மூட ரொம்ப நாள் ஆகவில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

கம்பெனிகள் இதை எப்படிப் பார்க்கும்?

2024 ஜனவரி 5. அலாஸ்கா ஏர்லைன்ஸின் 737 மேக்ஸ் 9 விமானம் பறக்கும்போதே பக்கவாட்டுக் கதவு அடைப்பு பிய்த்துக்கொண்டு போனது. விட்டேக்கர் உடனே ஒரு கடிவாளம் போட்டார்: மாதத்துக்கு 38 மேக்ஸ் விமானங்களுக்கு மேல் போயிங் தயாரிக்கக் கூடாது. அவர் போய் ஒன்பது மாதம் கழித்து, 2025 அக்டோபரில், அது 42 ஆக உயர்த்தப்பட்டது.

தரம் மேம்பட்டதால்தான் உயர்த்தினோம் என்கிறது எஃப்ஏஏ. அது சரியாகவே இருக்கலாம். ஆனால் கண்டிப்பான உத்தரவு போட்டவரே அதைத் தளர்த்தும் நாள்வரை இருந்தால், "என்ன மாறியிருக்கிறது, காட்டு" என்று கேட்க அவருக்குப் பழைய கணக்கெல்லாம் தெரியும். தலைவர்கள் பதினைந்து மாதத்தில் மாறும் இடத்தில், கண்காணிக்கப்படும் கம்பெனிக்குப் பொறுமை ஒன்றே போதும் என்றாகிவிடும்.

விட்டேக்கர் காலத்தில் எஃப்ஏஏ, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துக்கு ஆறு லட்சம் டாலருக்கு மேல் அபராதம் முன்மொழிந்தது. எலான் மஸ்க் அவர் ராஜினாமா செய்ய வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். விட்டேக்கர் விலகியது அதனால்தான் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அடுத்து அந்த நாற்காலிக்கு வருகிறவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வருவார்.

நம்ம டிஜிசிஏ கதை என்ன?

இந்தியாவில் இதே வேலையைச் செய்வது டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகம். இங்கே அமெரிக்கா போல ஐந்தாண்டு உத்தரவாதமே கிடையாது. வழக்கமாக ஐஏஎஸ் அதிகாரி ஒருவர் வருவார், வேறு பணிக்கு மாற்றப்பட்டால் போய்விடுவார். 2023 பிப்ரவரி இறுதியில் வந்த விக்ரம் தேவ் தத், இரண்டு ஆண்டு முடியும் முன்பே நிலக்கரித் துறைச் செயலாளராக்கப்பட்டார். 2025 ஜனவரியில் ஃபைஸ் அகமது கித்வாய் நியமிக்கப்பட்டார்.

இதனால் என்ன ஆகும்? விமானிகளின் ஓய்வு விதியைப் பாருங்கள். வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி, இரவு நேரத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டு என்று 2024 ஜனவரியில் டிஜிசிஏ அறிவித்தது. அந்த ஜூனில் அமலாகியிருக்க வேண்டும். விமான நிறுவனங்கள் எதிர்த்தன, தள்ளிப்போனது. டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜூலை, நவம்பர் என இரண்டு கட்டமாக வந்தது. டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ய, இரவுப் பணி விதியிலிருந்து அந்த நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கு கொடுக்கப்பட்டது.

விதியை அறிவித்தது ஒரு தலைவர் காலம், அமல்படுத்தியதும் தளர்த்தியதும் இன்னொருவர் காலம். முதல் தள்ளிவைப்பே தத் காலத்தில்தான் என்பதால் முழுப் பழியையும் தலைவர் மாற்றத்தின் மேல் போட முடியாது. ஆனால் "இரண்டு வருஷம் டைம் கொடுத்தோமே, புது விமானிகளை எடுத்தீர்களா?" என்று மாதாமாதம் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் கண்காணிப்பு. தலைவரும் மாறி, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழ பாதி காலி என்று நாடாளுமன்றக் குழுவே சொல்லும் நிலையும் இருந்தால், அந்தக் கேள்வியை யார் கேட்பது?

அடுத்து என்ன கவனிக்கணும்?

பெட்ஃபோர்டின் ஐந்தாண்டு 2030 ஜூலையில் முடிய வேண்டும். அதற்கு முன்பே, 2029 ஜனவரியில், அமெரிக்காவில் புது அதிபர் பதவியேற்பார். 1994-ல் எழுதிய சட்டத்துக்கு அன்றுதான் உண்மையான பரீட்சை. அன்று காலையும் பெட்ஃபோர்ட் வழக்கம்போல ஆபீசுக்கு வருகிறாரா என்று பாருங்கள்.

இந்தியாவில் அப்படிக் குறித்துவைக்கத் தேதியே இல்லை. டிஜிசிஏ தலைவருக்கும் சட்டத்தில் ஒரு பதவிக்காலம் எழுதினால்தான், "ஏன் பாதியில் மாற்றினீர்கள்?" என்றாவது நாம் கேட்க முடியும்.