டால்பினின் சீழ்க்கையும் மனிதனின் செவியும்

மொழி அறியாத பட்டணத்தில் வந்து குடியேறிய முதல் நாட்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கடையில் ஒரு பொருளைக் கைநீட்டிக் காட்டினீர்கள். கடைக்காரர் அதன் பெயரைச் சொன்னார். நீங்கள் திரும்பச் சொன்னீர்கள். பொருள் கைக்கு வந்தது. இதே எளிய வழியில் டால்பின்களோடு உரையாட இயலுமா என்று விஞ்ஞானிகள் சிலர் கடலுக்குள் இறங்கிச் சோதித்து வருகிறார்கள்.

பஹாமாஸ் தீவுகளை அடுத்த அட்லாண்டிக் சமுத்திரத்தில், டெனிஸ் ஹெர்சிங் என்னும் பெண் விஞ்ஞானி 1985-ஆம் ஆண்டு முதல் புள்ளி டால்பின்களைக் கவனித்து வருகிறார். டால்பின்கள் தங்களுக்கென்று தனித்தனிச் சீழ்க்கை உடையவை. அது பெயரைப்போல் பயன்படுகிறது. பிரிந்துபோன தாயும் குட்டியும் அதைக்கொண்டே மீண்டும் சேருகின்றன. ஆனால் மனிதச் செவி ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கேட்கும். டால்பின்களோ 1,00,000 ஹெர்ட்ஸுக்கும் மேற்பட்ட ஒலிகளை எழுப்பவும் கேட்கவும் வல்லவை. வெறுங்காதோடு நீந்துகிறவருக்கு அவற்றில் பல எட்டுவதில்லை.

இக்குறையைப் போக்க, அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் கல்வி நிறுவனப் பேராசிரியர் தாட் ஸ்டார்னரும் ஹெர்சிங்கும் இணைந்து 'சாட்' என்னும் கருவியை உருவாக்கினார்கள். இது நீருக்குள் மனிதர் உடலில் அணிந்துகொள்ளும் கணினி. நீரடி ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, காதொலிக் கருவி ஆகியவை இதனோடு இணைந்திருக்கும்.

இதன் செயல்முறையைக் கவனியுங்கள். டால்பின்கள் விரும்பி விளையாடும் சர்காசம் என்னும் கடற்பாசி, துணி போன்றவற்றிற்குப் புதிய சீழ்க்கைகளைப் பெயராக அமைத்தார்கள். ஒருவர் கருவியின் மூலம் அந்தச் சீழ்க்கையை ஒலிக்க, மற்றவர் அப்பொருளை எடுத்துக் கொடுப்பார். ஆவலோடு பார்த்திருக்கும் டால்பின் அவ்வொலியைத் தானும் எழுப்பினால், கணினி அதைக் கண்டறிந்து உரிய சொல்லை மனிதரின் காதில் கூறும். அவர் உடனே பொருளைக் கொடுக்கலாம்.

2013-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஹெர்சிங்கின் காதில் "சர்காசம்" என்ற சொல் ஒலித்தது! எனினும் ஒருமுறை கேட்டதைக் கொண்டு, டால்பின் பொருளறிந்தே கேட்டது என்று தீர்மானிக்கலாகாது. தற்செயலாக எழுந்த ஒலியாகவும் இருக்கலாம். மீண்டும் மீண்டும், உரிய பொருளுக்கு உரிய ஒலி எழுந்தால் அல்லவா அது சொல்லாகும்?

2025 ஏப்ரலில் கூகுள் நிறுவனம், ஹெர்சிங் குழுவினர் பல ஆண்டுகளாய்ச் சேர்த்த ஒலிப்பதிவுகளைக் கொண்டு பயிற்றுவித்த 'டால்பின்ஜெம்மா' என்னும் செயற்கை நுண்ணறிவு மாதிரியை அறிவித்தது. அது ஒலிகளின் ஒழுங்கைக் கண்டறிய உதவும்; பொருளைத் தானாகச் சொல்லிவிடாது. எந்த டால்பின் எழுப்பியது, யாரை நோக்கி, எந்தச் செயலின் நடுவே என்று நெடுங்காலம் குறித்துவைத்தவர்களே அவ்வொலிக்குப் பொருள் காண முடியும்.

ஆகையால், விலங்கின் பேச்சை மொழிபெயர்த்துவிட்டார்கள் என்னும் செய்தியை நீங்கள் வாசிக்கும்போது சற்று நிதானியுங்கள். அந்த ஒலி எத்தனை முறை கேட்டது, அதைக் கேட்டபின் விலங்கு என்ன செய்தது என்று விசாரியுங்கள். கருவி நமக்குச் செவியைக் கூர்மையாக்கித் தரும். பொறுமையாய்க் கேட்கவேண்டியவர்கள் நாமே.